மலேரியாவுக்கு மரியாதை

"தெரியாது" என்று சொல்லத் தெரியாதவர்கள் மொழிபெயர்க்கப் போகக் கூடாது. இந்த ஞானம் எனக்கு வந்து சேர்வதற்குச் சற்று முன்பு நான் வீராம்பட்டினம் என்ற மீனவ ஊரில் ஒரு சமுதாயக் கூடத்தில், கையில் மைக்கோடு, குலுங்கிக் குலுங்கிச் சிரிக்கும் ஒரு கூட்டத்தின் முன்னால் நின்றுகொண்டிருந்தேன். எனக்குப் பக்கத்தில் ஒரு பெண், தன் மகன் செத்துப்போனதைச் சொல்லிக்கொண்டிருந்தார்.

அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. பிரெஞ்சில் பட்டயம் வாங்கி, சாரம் பகுதியில் ஒரு டியூஷன் சென்டரில் வகுப்பெடுத்துக்கொண்டிருந்தேன். என் தலைக்கனத்துக்குப் புதுச்சேரி போதவில்லை. வீட்டுப் பூனையைக்கூடப் பிரெஞ்சில்தான் அதட்டுவேன். (அது தமிழில் அதட்டினால்தான் நகரும்.) அத்தாவுக்குக் காந்தி வீதியில் மெத்தை, தலையணை, கொசுவலைக் கடை. வருகிற வாடிக்கையாளர்களுக்கெல்லாம் இலவம்பஞ்சின் பெருமையோடு என் பிரெஞ்சின் பெருமையையும் சேர்த்தே விற்றுக்கொண்டிருந்தார்.

அந்தக் கடைக்குத்தான் சுகாதாரத் துறையில் இருந்த ஒரு டாக்டரம்மா வந்தார். மலேரியா பற்றி ஒரு கண்காட்சி, அதில் தொங்கவிடக் கொசுவலை வேண்டும் என்று கேட்டு வந்தவர், வலையை விரித்துப் பார்த்துக்கொண்டே புலம்பினார். ஆப்பிரிக்காவிலிருந்து ஒரு குழு வந்திருக்கிறது. எல்லோரும் நர்சுகள், சுகாதார ஊழியர்கள். பிரெஞ்சு தவிர வேறு பேச மாட்டார்கள். மொழிபெயர்க்க வரவேண்டியவர் கடைசி நேரத்தில் கைவிரித்துவிட்டார்.

"பாய், உங்களுக்குத் தெரிஞ்சவங்க யாராச்சும் பிரெஞ்சு பேசுவாங்களா?"

"என்னா டாக்டரம்மா, எம் பொண்ணு இருக்காளே. பிரெஞ்சுக்காரன் தப்பாப் பேசுனாக்கூட நிறுத்தித் திருத்துவா."

இப்படித்தான் நான் உலக மலேரியா ஒழிப்பில் காலெடுத்து வைத்தேன்.

விஷயத்தை டாக்டரம்மா போனில் விளக்கினார். அந்தக் குழுவின் நாட்டுக்கு நம் அரசாங்கம் மலேரியா மாத்திரைகளும் ரத்தப் பரிசோதனை அட்டைகளும் அனுப்பி உதவுகிறது. கூடவே அங்கிருந்து ஆட்களை வரவழைத்துப் பயிற்சியும் கொடுக்கிறது. நம் ஊரில் கிணற்றிலும் தொட்டியிலும் மீன் விட்டுக் கொசுவை எப்படிக் கட்டுப்படுத்துகிறோம் என்று அவர்கள் பார்ப்பார்கள். பிறகு வீராம்பட்டினத்தில் மக்களோடு ஒரு கூட்டம். அதற்கு டெல்லியிலிருந்து ஒரு அதிகாரி வருகிறார். இந்த உதவித் திட்டமே அவர் கையில்தான் இருக்கிறது.

"அவங்க பேசறதத் தமிழ்ல சொல்லணும். நான் சார் காதுல இங்கிலீஷ்ல சொல்லிக்குவேன். முடியும்ல ஷமீமா?"

"சின்ன விஷயம் மேடம்."

அன்று மாலை அகராதியை எடுத்து உட்கார்ந்தேன். கொசு, கொசுவலை, குளிர், காய்ச்சல், தொட்டி. கடைசியாக மலேரியா. பிரெஞ்சிலும் அதற்கு மலேரியாதான். எனக்கு ஒரே சந்தோஷம். அகராதியை அந்த இடத்திலேயே மூடினேன். (அதே வரியில் பக்கத்திலேயே இன்னொரு சொல்லும் அச்சாகியிருந்தது. அதைப் பின்னால்தான் பார்த்தேன்.)

காலையில் சாரத்தில் வீடு வீடாக மொட்டைமாடித் தொட்டிகளைப் பார்த்தோம். எல்லாம் கைகாட்டிப் பேசுகிற விஷயம் என்பதால் என் பிரெஞ்சு சிங்கம்போல் உலவியது. மீனைக் காட்டி "மீன்" என்றேன். தண்ணீரைக் காட்டி "தண்ணீர்" என்றேன். குழுவில் மரியாம் என்று ஒரு நர்ஸ். முப்பத்தைந்து வயதிருக்கும். உயரமானவர், அதிகம் பேசவில்லை. எனக்கு சலாம் சொன்னார், நானும் சொன்னேன். தொட்டிக்குள் எட்டிப் பார்க்கும்போதெல்லாம் மற்றவர்களைவிடக் கொஞ்சம் அதிக நேரம் பார்த்தார். அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.

மதியத்துக்கு மேல் வீராம்பட்டினம். கூடம் நிறைந்திருந்தது. பெரும்பாலும் பெண்கள், மீன் விற்றுவிட்டு வந்தவர்கள், மடியில் பிள்ளைகளோடு. கூட்டம் முடிந்ததும் கொசுவலை தருவதாகச் சொல்லியிருந்தார்கள். மேடையில் டெல்லி அதிகாரி, அவர் காதோரம் டாக்டரம்மா. மேடைக்குக் கீழே மலேரியா படப்பலகைகளைப் பிடித்துக்கொண்டு பாலு அண்ணன்.

பாலு அண்ணன் மலேரியா ஊழியர். காக்கிச் சட்டை, ஒல்லியான உடம்பு, கூச்ச சுபாவம். வீடு வீடாகப் போய்த் தொட்டியைத் திறந்து பார்ப்பது, மருந்து ஊற்றுவது, காய்ச்சல்காரர்களுக்கு ரத்தம் எடுப்பது அவர் வேலை. அந்த ஊரில் அவரைத் தெரியாத வீடு கிடையாது. தொட்டியை மூடச் சொல்லி அவரும், மருந்து நாறுகிறது என்று பெண்களும் வருடக்கணக்காகச் சண்டை போட்டு, அதன் வழியாகவே உறவினர்போல் ஆகிவிட்டிருந்தார்கள்.

வரவேற்புரை, பொன்னாடை எல்லாம் முடிந்து மரியாமைப் பேசச் சொன்னார்கள். அவர் எழுந்து மைக் முன்னால் நின்றார். நிதானமாக ஆரம்பித்தார். நானும் தமிழில் சொல்ல ஆரம்பித்தேன். முதல் நான்கு வாக்கியம் வணக்கம், நன்றி, கடல் அழகு. பிறகு அந்தச் சொல் வந்தது.

"லெ பாலு."

மைக்கில் அப்படித்தான் விழுந்தது. லெ பாலு மழையோடு வந்தது என்றார். எனக்கு அது என்ன என்று தெரியவில்லை. அந்த இடத்தில் நிறுத்தி, "மன்னிக்கவும், பாலு என்றால் என்ன?" என்று கேட்டிருந்தால் இந்தக் கட்டுரையே இல்லை. ஆனால் கீழே முன்வரிசையில் அத்தா உட்கார்ந்திருந்தார். கடையைப் பூட்டிவிட்டு, இஸ்திரி போட்ட சட்டையில், மகள் பேசுவதைப் போனில் படம் பிடித்துக்கொண்டிருந்தார்.

என் மூளை வேகமாக வேலை செய்தது. (அது வேலை செய்யாமல் இருந்திருக்கலாம்.) பிரெஞ்சு கிராமங்களில் ஆட்களின் பெயருக்கு முன்னால்கூட 'லெ' போடுவார்கள் என்று எங்கோ படித்திருந்தேன். ஆக, பாலு ஒரு ஆள். அடுத்த சிக்கல், பிரெஞ்சில் 'அவர்', 'அது' இரண்டுக்கும் ஒரே சொல்தான். தமிழில் ஏதாவது ஒன்றை வைத்தாக வேண்டும். வெளிநாட்டுக்காரர், வயது தெரியாது, எதற்கு வம்பு என்று மரியாதையாக 'அவர்' போட்டேன்.

"பாலு என்பவர் மழைக்காலத்தில் எங்கள் ஊருக்கு வந்தார்" என்றேன்.

கூட்டத்தில் லேசான சலசலப்பு. சில தலைகள் பாலு அண்ணன் பக்கம் திரும்பின.

"அவர் எல்லா வீட்டுக்கும் போவார். குழந்தைகள் இருக்கிற வீட்டுக்கு முதலில் போவார்."

மூன்றாம் வரிசையில் செல்வி என்று ஒரு மீன்காரம்மா இருந்தார். அந்த ஊரில் அவர் வாய்க்குப் பயப்படாதவர்கள் குறைவு. அவர் உட்கார்ந்த இடத்திலிருந்தே கேட்டார்.

"இன்னாய்யா பாலு, அங்கயும் போயி தொட்டியத் தொறந்தியா?"

கூடம் சிரித்தது. பாலு அண்ணன் படப்பலகைக்குப் பின்னால் பாதி மறைந்தார். மரியாம் சிரிப்பைக் கேட்டு ஒரு கணம் தடுமாறினார். என்னைப் பார்த்தார். நான், எல்லாம் நன்றாகப் போகிறது என்பதுபோலத் தலையாட்டினேன்.

அவர் தொடர்ந்தார். பெட்டிகள் துறைமுகத்தில் இருந்தன, காகிதங்கள் கையெழுத்தாகவில்லை என்றார். நான் அதையும் பாலுவின் வாழ்க்கை வரலாற்றில் சேர்த்தேன்.

"அவருடைய பெட்டியெல்லாம் துறைமுகத்தில் இருந்தது. அவரிடம் சரியான பேப்பர் இல்லை."

"பேப்பர் இல்லாம எப்பிடி உள்ள உட்டாங்க?" என்று ஒரு பெண் நியாயமாகக் கேட்டார். வீட்டுக்கு ஒருவர் பிரான்ஸ் போக முயன்ற ஊர்ப்பக்கம் அது. விசா, குடியுரிமைப் பேப்பர் விஷயம் எல்லோருக்கும் தெரியும்.

மரியாமின் குரல் இறங்கியது. நானும் குரலை இறக்கினேன்.

"கடைசியில் பாலு என் மகனைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்."

"அடப்பாவி, பாலு" என்றார் செல்வி. "மூஞ்சப் பாத்தா பூன மாதிரி இருந்துக்கினு."

இந்த முறை கூடமே இடிந்து விழுகிற சிரிப்பு. பிள்ளைகள் எதற்கென்று தெரியாமல் கைதட்டின. டாக்டரம்மா என் தமிழை நம்பி, ஏதோ குடும்பத் தகராறு, ஆள் கடத்தல் என்று அதிகாரியின் காதில் சொல்லியிருக்கிறார். அதிகாரியும் மரியாதைக்குப் புன்னகைத்தார். அத்தா போனை ஆட்டாமல் பிடித்துக்கொண்டு பெருமையாகச் சிரித்தார்.

மரியாம் பேச்சை நிறுத்திவிட்டார். அந்த முகத்தை நான் எப்படிச் சொல்வது என்று இன்றுவரை தெரியவில்லை. கோபம் இல்லை. வாசலைத் திறந்தவர்களே அதை நம் முகத்துக்கு எதிரே சாத்தினால் எப்படி நிற்போமோ அப்படி நின்றார். பிறகு மைக்கை என் கையில் கொடுத்துவிட்டு மேடைப் படியில் போய் உட்கார்ந்தார்.

அதிகாரி கடிகாரத்தைப் பார்த்து எழுந்தார். அவர் சென்னைக்குப் போய் விமானம் ஏற வேண்டும். போகிற வழியில் பிள்ளைச்சாவடியில் ஒரு கிணற்றைப் பார்த்துவிட்டு அப்படியே கிளம்புவதாக ஏற்பாடு. டாக்டரம்மா அவருடன் காரில் ஏறினார். கூடத்தில் டீ வந்தது.

பாலு அண்ணன் என்னிடம் வந்தார். கண் கலங்கியிருந்தது.

"ஏம்மா, நான் உங்களுக்கு இன்னா பண்ணேன்? எம் பேர எதுக்கும்மா இழுத்தீங்க? எம் பொண்டாட்டியும் வந்துருக்கா."

"நான் சொல்லலண்ணே. அவங்கதான் சொன்னாங்க. அங்க யாரோ ஒரு பாலு."

மரியாம் படியிலிருந்து நிமிர்ந்து பார்த்தார். மெதுவாகப் பிரெஞ்சில் கேட்டார்: "அவர்கள் ஏன் சிரித்தார்கள்? நீ என்ன சொன்னாய்?"

சொன்னேன். முசியே பாலு, அதாவது பாலு சார், அவர் மழைக்கு வந்தது, பேப்பர் இல்லாதது, எல்லாவற்றையும். சொல்லிக்கொண்டே வரும்போதே அவர் முகம் மாறியது. எழுந்து வந்தார். பாலு அண்ணன் கையிலிருந்த படப்பலகையைத் திருப்பினார். அதில் பெரிதாக ஒரு கொசு, பின்பாகத்தைத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. கீழே தமிழில் 'மலேரியா' என்று எழுதியிருந்தது. மரியாம் கொசுவின் மேல் விரலை வைத்தார்.

"லெ பாலு" என்றார்.

அந்த நாடுகளில் மலேரியாவை அப்படித்தான் சொல்வார்களாம். அகராதியில் நான் படிக்காமல் விட்ட 'பாலுதிஸ்ம்' என்ற நீளமான சொல்லின் சுருக்கம்.

என் காதில் கூடத்தின் இரைச்சல் நின்றுபோனது. அவர் சொன்ன ஒவ்வொரு வாக்கியமும் தலைக்குள் திரும்ப ஓடி, இந்த முறை சரியாக மொழிபெயர்ந்துகொண்டது. மலேரியா மழையோடு வந்தது. குழந்தைகள் இருக்கிற வீட்டுக்கு முதலில் போகும். மருந்துப் பெட்டிகள் துறைமுகத்தில் இருந்தன. மலேரியா என் மகனைக் கொண்டுபோய்விட்டது. அதை நான் சொல்ல, ஒரு ஊரே சிரித்திருக்கிறது.

மைக்கை எடுத்தேன். அது கீச்சென்றது. எல்லோரும் டீயோடு திரும்பினார்கள்.

"நான் தப்பாச் சொல்லிட்டேன். பாலுன்னு ஆளு யாரும் இல்ல. அவங்க ஊர்ல மலேரியாவுக்குப் பேரு அது. அவங்க புள்ள மலேரியாவுல செத்துப்போயிடுச்சி. அதத்தான் சொன்னாங்க."

டீ ஊற்றுகிற சத்தம் நின்றது. செல்வி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு முன்னால் வந்தார். மரியாமின் பக்கத்தில், தொடாமல், கொஞ்சம் தள்ளி நின்றார்.

"தெரியாம சிரிச்சிட்டோம்னு சொல்லு. எனக்கும் ஒண்ணு போயிருக்குது, காய்ச்சல்லதான், அத்தச் சொல்லு."

நான் பிரெஞ்சில் சொல்லப் பார்த்தேன். பட்டயத்தில் படித்த பிரெஞ்சு முழுவதும் எங்கோ போய்விட்டிருந்தது. மன்னிப்புக் கேட்கிற "பர்தோன்" என்ற ஒரு சொல்தான் மிச்சம். அதையே திரும்பத் திரும்பச் சொன்னேன். மரியாம் செல்வியின் கையைப் பிடித்துக்கொண்டார். பிறகு வாசலைப் பார்த்தார். அதிகாரியின் கார் நின்று, இப்போது காலியாகக் கிடந்த இடத்தைப் பார்த்தார்.

"நான் அந்த மனிதருக்காகத்தான் பேசினேன்" என்றார்.

பாலு அண்ணனுக்கு மொழி தேவைப்படவில்லை. "பிள்ளச்சாவடிலதான் கீறாரு இன்னும். வாங்க, புடிச்சிடலாம்."

அவரிடம் இருந்த வண்டி, கொசுவுக்குப் புகை அடிக்கிற வேன். பின்னால் மெஷின், டீசல் கேன்கள். முன்னால் நாங்கள் மூவரும் நெருக்கி உட்கார்ந்தோம். புதுச்சேரிக்குள் புகுந்து வடக்கே போனோம். சிக்னலில் நிற்கும்போது மரியாம் கேட்டார், பேப்பர் பற்றி நான் என்ன சொன்னேன் என்று.

"பாலுவிடம் பேப்பர் இல்லை என்றேன்."

அவர் என்னைப் பார்த்தார். திடீரென்று சிரித்தார். தோள்கள் குலுங்கின. "சரிதான். பேப்பர் இல்லாததால்தான்" என்றார். சிரிப்பு எந்த இடத்தில் அழுகையானது என்று எனக்குத் தெரியவில்லை. பாலு அண்ணன் ரோட்டை மட்டும் பார்த்தபடி ஓட்டினார். பிறகு ஒரு கையால் டேஷ்போர்டைத் துழாவி, கை துடைக்கிற துணியை எடுத்து நீட்டினார். அதில் டீசல் நாற்றம். மரியாம் அதை வாங்கி முகத்தில் வைத்துக்கொண்டார்.

பிள்ளைச்சாவடியில் அதிகாரி கிணற்றடியில் நின்றிருந்தார். கார் உறுமிக்கொண்டிருந்தது. டீசல் மணக்க மூன்று பேர் ஓடி வருவதைப் பார்த்து டாக்டரம்மா பயந்துவிட்டார். நான் மூச்சு வாங்க, என் தப்பை ஆங்கிலத்தில் சொன்னேன். "மரியாம் மேடம் இன்னொரு முறை பேசணும் சார். ப்ளீஸ்."

மரியாம் பேசினார். நான் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் நிறுத்தினேன். சந்தேகம் வந்த ஒவ்வொரு சொல்லையும் "அப்படியென்றால் என்ன?" என்று கேட்டேன். வெட்கம் என்கிற சாமானை வீராம்பட்டினத்திலேயே விட்டுவிட்டு வந்திருந்தேன்.

அவர் ஊர் சுகாதார நிலையத்துக்கு அவர்தான் நர்ஸ். பையனுக்கு நான்கு வயது. காய்ச்சல் வந்தது. இந்தியாவிலிருந்து வந்த அட்டையில் அவரே அவன் விரலைக் குத்தி ரத்தம் வைத்தார். மலேரியா என்று கோடு விழுந்தது. மாத்திரை தீர்ந்திருந்தது. மழைக்கு முன்னால் வரவேண்டிய பெட்டிகள் மழை பிடித்த பிறகுதான் கப்பலில் வந்து இறங்கின. கையெழுத்துகள் ஆவதற்குள் ஊருக்குப் போகிற ரோடு அறுந்துவிட்டது. பையனுக்கு வலிப்பு வந்தது. பெட்டிகள் ஊர் வந்து சேர்ந்தபோது பிரித்து அடுக்கி வைத்ததும் அவர்தான்.

"உங்கள் மருந்து நல்ல மருந்து. நாங்கள் நன்றியோடு இருக்கிறோம். மழைக்கு முன்னால் அனுப்புங்கள். இதைச் சொல்லத்தான் வந்தேன்."

அதிகாரி காரை நோக்கி நடந்துகொண்டே பேசினார். கப்பலில் ஏற்றுவது வரைதான் தங்கள் பொறுப்பு, இறங்கிய பிறகு நடப்பது அந்த நாட்டு வேலை என்றார். அது உண்மையாகவும் இருக்கலாம். காருக்குள் ஒரு காலை வைத்தவர், திரும்பிக் கேட்டார்.

"அங்கே எந்த மாதம் மழை தொடங்கும்?"

மரியாம் சொன்னார். போனில் எதையோ தட்டிக்கொண்டு அவர் போய்விட்டார்.

அடுத்த வருடம் மரியாமிடமிருந்து எனக்குக் குரல் செய்தி வந்தது. பெட்டிகள் மழைக்கு முன்பே வந்துவிட்டனவாம். "முசியே பாலு வந்தார். இந்த முறை எங்களிடம் பேப்பர் இருந்தது" என்று சொல்லிவிட்டுச் சிரித்தார். அதற்கு நான்தான் காரணம் என்று அத்தா கடையில் சொல்லித் திரிந்தார். கிணற்றடியில் கேட்ட அந்த ஒரு கேள்வியா, வேறு எதுவுமா, எனக்குத் தெரியாது. (இப்போதெல்லாம் தெரியாது என்பதைச் சரளமாகச் சொல்கிறேன்.)

அத்தா எடுத்த வீடியோ குடும்பத்தில் எல்லோருடைய போனிலும் இருக்கிறது. எந்தக் கல்யாண வீட்டிலும் பிரியாணிக்குப் பிறகு அது ஓடும். வீட்டில் யாருக்குக் காய்ச்சல் அடித்தாலும், "பாலு சார் வந்திருக்காரு, நாற்காலி போடு" என்பார் என் கணவர். மலேரியாவுக்கே மரியாதை கொடுத்தவள் என்று என்னைப் புது மருமகள்களுக்கு அறிமுகம் செய்வார்கள். மரியாம் படியில் போய் உட்காருவதற்கு முன்பே அத்தா போனை அணைத்துவிட்டிருந்தார். அதனால் எல்லோரும் சிரிப்போடு முடிக்கிறார்கள்.

ஒவ்வொரு வருடமும் அந்த ஊரில் மழை தொடங்கும்போது எனக்குக் குரல் செய்தி வருகிறது. சில வருடம் பெட்டி முந்தும், சில வருடம் மழை முந்தும். போன வாரம் வந்தபோது அத்தா பக்கத்தில்தான் கட்டிலில் படுத்திருந்தார்.

"இன்னா சொல்றா அந்தப் பொண்ணு? பாலு எப்பிடி கீறானாம்?"

பெட்டிக்கு முன்னாலேயே முசியே பாலு வந்துவிட்டார் என்றது செய்தி. மரியாமின் பக்கத்து வீட்டில் இரட்டைப் பிள்ளைகளுக்குக் காய்ச்சல். முதலில் பிறந்தவளை மட்டும்தான் காப்பாற்ற முடிந்தது. பெட்டி அனுப்புவதைப் பற்றி இந்த வருடம் யாரும் எதுவும் சொல்லவில்லை.

"நல்லா இருக்காங்களாம் அத்தா" என்றேன். மொழிபெயர்ப்பில் நான் தெரிந்தே செய்த தப்பு இது ஒன்றுதான். அத்தா சிரித்துக்கொண்டே திரும்பிப் படுத்தார்.